பஞ்சாலைக்காரர் ஜம்ஷெட்ஜி டாடா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடா என்றதும் நமக்கு உப்பு, லாரி, இரும்பு, தாஜ் ஓட்டல் என்று வரிசையாக நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயரைத் தொடங்கிவைத்த ஜம்ஷெட்ஜிக்குச் சோறு போட்டது பஞ்சு. அவர் கண்ணை மூடும்போது இரும்பாலை இல்லை, நீர்மின் நிலையம் இல்லை, பெங்களூரில் அறிவியல் கழகமும் இல்லை. இருந்தவை பஞ்சாலைகளும் அப்போதுதான் திறந்த ஓர் ஓட்டலும். அவர் அள்ளிக் கொடுத்த பணம் எங்கே விளைந்தது என்று தெரியாமல் அவருடைய கொடையைப் பேசுவது எனக்குப் பாதிக் கதையாகவே படுகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் ஆலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

யார் இந்த ஜம்ஷெட்ஜி?

முழுப்பெயர் ஜம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாடா. 1839 மார்ச் 3 அன்று குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தந்தை நுஸர்வான்ஜி, தாய் ஜீவன்பாய். மனைவி ஹீராபாய். பிள்ளைகள் தோராப்ஜி, ரத்தன்ஜி. 1904 மே 19 அன்று ஜெர்மனியில் காலமானார்.

பார்சிகள் என்றால் யார்? அந்தக் காலத்து மில் முதலாளிகளில் அவர்கள் ஏன் இவ்வளவு பேர்?

ஜரதுஷ்டிர மதத்தைப் பின்பற்றும் பாரசீக வழிவந்தவர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் கரைக்கு வந்து அங்கேயே குடியேறியவர்கள். தாய்மொழி குஜராத்தி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் 57,264 பேர்தான். அதாவது ஒரு சிறிய நகரத்தின் மக்கள்தொகை.

பம்பாய் துறைமுகமாக வளர்ந்தபோது கப்பல் கட்டவும், தரகு பார்க்கவும், சீனாவோடு வியாபாரம் செய்யவும் முதலில் போனவர்களில் இவர்கள் இருந்தார்கள். அந்த வியாபாரத்தில் சேர்ந்த பணம்தான் பிறகு ஆலைகளுக்கு முதலானது. பம்பாயின் முதல் நூற்பாலையை 1854இல் தொடங்கியவர் கவாஸ்ஜி தாவர், ஒரு பார்சி. அப்புறம் தின்ஷா பெட்டிட் வந்தார், வாடியாக்கள் வந்தார்கள். பம்பாயில் கால்நடைகளுக்கு ஒரு பெரிய மருத்துவமனை பெட்டிட் குடும்பத்தின் பெயரில் இன்றும் இருக்கிறது. பரேலில் உள்ள மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் வாடியாக்கள் பெயரில் இருக்கின்றன. ஆலை நடத்துவதும் ஊருக்குக் கொடுப்பதும் இந்தக் குடும்பங்களில் சேர்ந்தே வந்தன. ஜம்ஷெட்ஜியை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவர் எதில் வேறுபட்டார் என்பது புரியும்.

பரம்பரைப் பணக்காரரா?

இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புரோகிதம் பார்த்த குடும்பம். அதை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வியாபாரம் பார்க்கப் போன முதல் ஆள் நுஸர்வான்ஜி. மகனைப் பதினான்கு வயதில் தன்னோடு அழைத்துக்கொண்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிப்பு, 1858இல் தேர்ச்சி, உடனே அப்பாவின் கடையில் வேலை.

அவர்கள் அபின் விற்றார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சீனாவோடு நடந்த வியாபாரத்தில் பருத்தியோடு அபினும் ஒரு சரக்காக இருந்தது. 1859இல் ஜம்ஷெட்ஜியை ஹாங்காங் அனுப்பிக் கிளை தொடங்கியதும் அந்த வியாபாரத்துக்காகத்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் அது சட்டப்படி நடந்த தொழில். பம்பாயின் பெரிய வணிகக் குடும்பங்கள் பலவும் அதில் இருந்தன. அதைச் சொல்லி நியாயப்படுத்துவது என் நோக்கமில்லை; மறைத்துவிட்டு அவருடைய புகழைப் பாடுவதும் சரியில்லை. நடந்தது இது.

1865இல் குடும்பம் நொடித்துப்போனது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரால் வந்த வினை. 1861இல் போர் தொடங்கியதும் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்தின் பஞ்சாலை வட்டாரமான லங்காஷயருக்குப் போவது நின்றது. இந்தியப் பஞ்சின் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது. புதுப்புது வங்கிகள், கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் கம்பெனிகள், எல்லாவற்றின் பங்குகளும் ஏறுமுகம். அந்த வேகத்தில் லண்டனில் ஓர் இந்திய வங்கி தொடங்கும் எண்ணத்தோடு ஜம்ஷெட்ஜி 1864 கடைசியில் கப்பல் ஏறினார்.

1865இல் போர் முடிந்தது. பஞ்சு விலை பாதாளத்துக்குப் போனது. லண்டனில் வந்து இறங்கிய இளைஞரின் கையில் இருந்தவை மதிப்பிழந்த காகிதங்கள். அவர் ஓடி ஒளியவில்லை. கடன்காரர்களை நேரில் சந்தித்து இருக்கிற நிலையை அப்படியே சொன்னார். இங்கே அப்பா வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

பிறகு ஆலை தொடங்க முதல் எங்கிருந்து வந்தது?

1867-68இல் பிரிட்டிஷ் படை அபிசீனியா மீது, அதாவது இன்றைய எத்தியோப்பியா மீது, படையெடுத்தது. படைக்குத் தேவையான பொருள்களைத் தரும் ஒப்பந்தம் நுஸர்வான்ஜிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் கிடைத்தது. அதில் நல்ல லாபம். 1868இல் ஜம்ஷெட்ஜி 21,000 ரூபாயோடு சொந்தமாக ஒரு வணிக நிறுவனம் தொடங்கினார். அப்போது வயது 29.

அடுத்த ஆண்டு பம்பாய் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையைக் கூட்டாளிகளோடு வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். பெயர் அலெக்ஸாண்ட்ரா மில். ஓரிரு ஆண்டில் லாபத்துக்கு விற்றும் விட்டார். கையில் காசு வந்ததும் அடுத்த ஆலையை வாங்காமல் இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். வாங்கி விற்பதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு பம்பாய் வியாபாரியாகவே இருந்திருப்பார்.

எல்லோரும் பம்பாயில் ஆலை கட்டும்போது அவர் ஏன் நாக்பூர் போனார்?

கணக்கு எளிமையானது. பருத்தி விளைவது நாக்பூரைச் சேர்ந்த விதர்பா வட்டாரத்தின் கரிசல் மண்ணில். அதை மூட்டை கட்டி, நூற்றுக்கணக்கான மைல் ரயிலில் பம்பாய்க்கு ஏற்றி, அங்கே நூற்று, நூலை மறுபடி ரயிலில் உள்நாட்டுக்கே அனுப்பினார்கள். நாக்பூரில் ஆலை இருந்தால் பஞ்சு வாசலுக்கு வரும். நிலக்கரிக்கு வரோரா சுரங்கம் பக்கத்தில். நூலை வாங்கக் கைத்தறி நெசவாளர்கள் சுற்றுவட்டாரத்திலேயே. ரயிலும் வந்துவிட்டது.

1874இல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கினார். ரயில் நிலையத்துக்கு அருகே ஜும்மா தலாவ் என்ற ஏரியை ஒட்டிய சதுப்பு நிலம் மலிவாகக் கிடைத்தது. அதை மண் கொட்டித் தூர்க்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்து உள்ளூர் மார்வாடி வட்டிக்கடைக்காரர் ஒருவர், பொன்னைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுகிறாரே என்று சொல்லிக் கடன் தர மறுத்ததாகவும், பின்னாளில் அவரே, டாடா மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டதாகவும் நாக்பூரில் ஒரு கதை வழங்குகிறது.

'எம்ப்ரஸ்' என்று ஏன் பெயர்?

ஆலை திறந்த நாள் 1877 ஜனவரி 1. அன்றுதான் டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள்.

எம்ப்ரஸ் மில் தொடங்கியதும் ஓகோவென்று ஓடியதா?

இல்லவே இல்லை. சுமார் 30,000 கதிர்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்), 450 தறிகளோடு தொடங்கிய ஆலை முதல் சில ஆண்டுகள் தடுமாறியது. மலிவாக வாங்கிய எந்திரங்கள் சரியில்லை. பங்கு விலை முகமதிப்புக்கு வெகு கீழே இறங்கியது.

இரண்டு முடிவுகள் ஆலையைக் காப்பாற்றின. ஒன்று, ஆள். பெசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரை மேலாளராகப் போட்டார். அவர் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தவர், நூற்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்திரத்தைப் பார்க்க ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேய நிபுணர் இருந்தார். ஆட்களையும் சரக்கையும் கட்டி மேய்க்கத் தெரிந்த ஒருவர்தான் ஜம்ஷெட்ஜிக்குத் தேவைப்பட்டார். அவருடைய கணிப்பு தப்பவில்லை.

இன்னொன்று ரிங் பிரேம். கோவை, ராஜபாளையம் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் லங்காஷயர் நம்பியது மியூல் என்ற எந்திரத்தை. அதன் வண்டி தண்டவாளத்தில் வெளியே வரும், இழுத்து முறுக்கும். பிறகு உள்ளே போகும்போது நூலைச் சுற்றும். முறுக்கும்போது சுற்றாது, சுற்றும்போது முறுக்காது. ரிங் பிரேமில் ஒவ்வொரு கதிரையும் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்தின் விளிம்பில் டிராவலர் என்கிற குட்டிக் கம்பிக் கொக்கி ஓடும். கதிர் சுழலச் சுழல முறுக்குவதும் சுற்றுவதும் ஒன்றாக, நிற்காமல் நடக்கும். வேகம் அதிகம். மியூலுக்கு வேண்டிய அளவு தேர்ந்த கையும் வேண்டாம்.

ரிங் அமெரிக்காவில் பிறந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நைஸ் நூலுக்கு மியூலே சிறந்தது என்று ஒதுங்கி நின்றார்கள். ஆனால் நாக்பூர் நூற்றது நம் கைத்தறிக்கான மோட்டா நூல், குறைந்த கவுண்ட் (நூல் நைஸாக ஆக ஏறும் எண்). அதற்கு ரிங் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. 1880களின் தொடக்கத்தில் சிலவற்றை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது, ஆலை முழுக்க மாற்றினார்கள். லங்காஷயர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆலை லாபத்துக்குத் திரும்பி, பல பத்தாண்டுகள் பங்குதாரர்களுக்கு வாரி வழங்கியது. உதவித்தொகை, அறிவியல் கழகம், ஓட்டல், இரும்பு தேடும் செலவு எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கதிர்களின் சுழற்சி இருக்கிறது.

தொழிலாளர்களை உண்மையில் நன்றாக நடத்தினாரா?

காலத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை வேலைக்கு எடுக்க அனுமதித்தது. பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். பஞ்சாலை என்றால் வெக்கை, தூசி, இரைச்சல். எம்ப்ரஸ் மில்லும் அந்த உலகத்தில்தான் இருந்தது. இந்தியாவில் பதிவான முதல் ஆலை வேலைநிறுத்தங்களில் ஒன்று 1877இல், கூலிக்காக, இதே எம்ப்ரஸ் மில்லில் நடந்தது. பாராட்டுக் கட்டுரைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

ஆனால் அதன்பின் அந்த ஆலையில் வந்தவை சாதாரணமானவை அல்ல. ஓய்வூதிய நிதி 1886இல். விபத்து இழப்பீடு 1895இல். வருங்கால வைப்பு நிதி, அதாவது நாம் பி.எஃப். என்று சொல்வது, 1901இல். சட்டம் எப்போது வந்தது தெரியுமா? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல், பி.எஃப். சட்டம் 1952இல். உள்ளே காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் கருவிகளும், தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் குழாய்களும் பொருத்தினார். ஈரப்பதம் இருந்தால் நூல் அறுவது குறையும், ஆளுக்கு மூச்சும் விட முடியும். அவருடைய காரியங்களில் இந்த இரட்டைப் பயன் அடிக்கடி தெரியும்.

ஆட்கள் நினைத்த நாள் வந்து நினைத்த நாள் நின்றுவிடுவது அன்றைய பெரிய தலைவலி. மற்ற ஆலைகள் அபராதம் போட்டன. இங்கே ஆண்டுக்கு ஒரு பரிசளிப்பு நாள் வைத்தார்கள். ஒழுங்காக வந்து நன்றாக உழைத்தவர்களுக்கு ஊர் கூடியிருக்கும் இடத்தில் கடிகாரம், சங்கிலி, துணி, ரொக்கம். படித்த இளைஞர்களை எடுத்துத் தொழில் கற்றுக்கொடுக்கும் திட்டமும் இருந்தது.

சுதேசி மில் என்ன கதை?

1886இல் பம்பாய் குர்லாவில் தரம்சி மில் ஏலத்துக்கு வந்தது. பல மடங்கு செலவில் கட்டிய ஆலையைப் பன்னிரண்டரை லட்சத்துக்கு வாங்கி, சுதேசி மில் என்று பெயர் வைத்தார். 1905இல் வங்கத்தில் சுதேசி இயக்கம் வெடிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே.

மலிவு பார்த்து வாங்கியது கழுத்தைப் பிடித்தது. எந்திரங்கள் எல்லாம் ஓட்டை. வெளிநாட்டிலிருந்து நூல் சரியில்லை என்று புகார். பங்கு விலை சரிந்தது. டாடா இந்த முறை மாட்டிக்கொண்டார் என்று பம்பாயில் பேச்சு. வங்கி கடன் கொடுக்கத் தயங்கியபோது, குடும்பத்துக்காக ஒதுக்கிவைத்திருந்த அறக்கட்டளையைக் கலைத்தார், எம்ப்ரஸ் பங்குகளில் சிலவற்றை விற்றார், நாக்பூரிலிருந்து தேர்ந்த ஆட்களைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் பங்கையே எடுத்துப் பிறரின் முதலீட்டைக் காப்பாற்றினார் என்பதுதான் என்னை இந்த மனிதரிடம் முதலில் இழுத்த சங்கதி. ஆலை மெல்ல மெல்ல எழுந்தது.

ஆங்கில அரசோடு மோதினாரா?

மேடையில் முழங்கியவர் அல்ல. கணக்கை எடுத்துவைத்து வாதாடியவர். 1896இல் இந்திய ஆலைத் துணிக்கு மூன்றரை சதவீத உற்பத்தி வரி போட்டார்கள். இறக்குமதித் துணிக்கு வரி இருப்பதால் மான்செஸ்டருக்குப் பாதகமாம், அதைச் சமன்செய்ய இங்குள்ள ஆலைக்கும் வரி. இதை எதிர்த்து எழுதினார். காங்கிரசின் தொடக்க காலம் முதல் ஆதரவாளர்.

கப்பல் விவகாரம் இன்னும் கடுமையானது. பம்பாயிலிருந்து சீனா, ஜப்பானுக்கு நூல் ஏற்றுவது பி அண்ட் ஓ முதலான கப்பல் கம்பெனிகளின் கையில். வைத்ததே வாடகை. 1893இல் ஜப்பானுக்கே போய் நிப்பான் யூசென் கைஷா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, தன் பெயரில் கப்பல் ஓட்டினார். எதிர்த்தரப்பு வாடகையை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. ஆதரவு தருவதாகச் சொன்ன சக வியாபாரிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். டாடா கப்பல் நின்றுபோனது. ஆனால் ஜப்பான் கம்பெனி அந்தப் பாதையில் நிலைத்தது, பழைய ஏகபோகம் உடைந்தது.

அவருடைய கொடையில் என்ன சிறப்பு? எல்லாப் பணக்காரர்களும்தான் கொடுத்தார்கள்.

சத்திரம், குளம், அன்னதானம், மருத்துவமனை என்று கொடுத்தவர்களை அவர் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கந்தலுக்கு ஒட்டுப் போடுவது ஒன்று, நாட்டின் கூர்மையான மூளைகளைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று, தான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார்.

1892இல் வெளிநாட்டில் உயர்கல்வி படிக்க ஓர் உதவி நிதி வைத்தார். முதலில் பார்சிகளுக்கு, 1894இலேயே எல்லா இந்தியர்களுக்கும். அது இனாம் அல்ல, கடன். படித்து முடித்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பித் தர வேண்டும். திரும்பிய பணம் அடுத்த மாணவருக்கு. ஆலைக்காரரின் புத்தி இதில் அப்படியே தெரிகிறது. ஒரு முறை போட்ட முதல் நிற்காமல் சுற்ற வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது இந்த நிதியில்தான்.

பெங்களூர் அறிவியல் கழகத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பம்பாயில் தனக்கிருந்த 14 கட்டடங்களையும் 4 நிலங்களையும் எழுதித் தர முன்வந்தார். மதிப்பு 30 லட்சம் ரூபாய், ஆண்டு வருமானம் ஒன்றேகால் லட்சம். பெரிய ஆராய்ச்சிக் கழகம் ஒன்று வேண்டும், தன் பெயர் வேண்டாம்.

1898 டிசம்பர் 31 அன்று, கர்சன் வைஸ்ராயாக வந்திறங்கிய மறுநாளே, இதற்கென அமைந்த குழு அவரைச் சந்தித்துத் திட்டத்தைக் கொடுத்தது. கர்சனுக்கு நம்பிக்கை இல்லை. படிக்க ஆள் வருமா, படித்தவனுக்கு வேலை எங்கே என்று கேட்டார். வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சேயை வரவழைத்து ஆராய்ந்தார்கள், அவர் பெங்களூரைச் சொன்னார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தர முன்வந்தது. அப்போது ஆட்சி செய்தவர் மகாராணி வாணி விலாச சன்னிதானம், திவான் சேஷாத்ரி ஐயர். அரசாங்கக் கோப்புகள் நகர்ந்து 1909இல் ஆணை வருவதற்குள் கொடுத்தவர் இறந்து ஐந்து ஆண்டாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் அப்பாவின் வாக்கைக் காப்பாற்றினார்கள். 1911இல் மாணவர்கள் வந்தார்கள். 1933இல் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் நம் சி.வி. ராமன்.

பெயர் வேண்டாம் என்றார். ஆனால் பெங்களூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பழைய ஆட்களுக்கு அது இன்றும் 'டாடா இன்ஸ்டிடியூட்' தான்.

விவேகானந்தர் சொல்லித்தான் அந்தக் கழகத்தைத் தொடங்கினாரா?

1893இல் யோகோஹாமாவிலிருந்து வான்கூவர் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். 1898 நவம்பரில் ஜம்ஷெட்ஜி அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தப் பயணத்தில் பேசியதை நினைவூட்டி, திட்டத்துக்கு ஆதரவு கேட்கிறார். இருவர் மனத்திலும் ஒரே எண்ணம் ஓடியது என்று சொல்லலாம். திட்டத்தை உருட்டித் திரட்டியது ஜம்ஷெட்ஜியும் அவருக்காக நாடு நாடாகச் சுற்றிய பர்ஜோர்ஜி பாட்ஷாவும்.

வெள்ளைக்காரர் ஓட்டலில் உள்ளே விடாததால்தான் தாஜ் கட்டினாராமே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. 1896இல் பிளேக் வந்து பம்பாய் ஒடுங்கிக் கிடந்தது. ஊர் மறுபடி தலைநிமிர வேண்டும் என்று தன் சொந்தப் பணத்தில் கட்டினார் என்பதே பொருந்தி வருகிறது. திறந்தது 1903 டிசம்பரில்.

ஜம்ஷெட்பூரை அவர் பார்த்தாரா?

பார்க்கவில்லை. இரும்பு கம்பெனி 1907இல் பதிவானது. அந்த ஊருக்கு அவர் பெயர் 1919இல்தான் வந்தது. ஆனால் 1902இலேயே மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்: அகலமான தெருக்கள், சீக்கிரம் வளரும் நிழல் மரங்கள், விளையாட்டுத் திடல்கள், கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம். நீர்மின்சாரமும் அப்படித்தான். 1915இல் கோப்போலியிலிருந்து வந்த மின்சாரத்தை முதலில் வாங்கியவை பம்பாய்ப் பஞ்சாலைகள்.

ஜே.ஜே. மருத்துவமனை, ஜே.ஆர்.டி., ரத்தன் டாடா எல்லாம் இவர்தானா, இவர் பிள்ளைகளா?

ஜே.ஜே. என்பது ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், முந்தைய தலைமுறைப் பார்சி வணிகர், வேறு ஆள். ஜே.ஆர்.டி. உறவினர் ஆர்.டி. டாடாவின் மகன், ஜம்ஷெட்ஜி இறந்த அதே 1904இல் பிறந்தார். 2024இல் மறைந்த ரத்தன் டாடா, ஜம்ஷெட்ஜியின் இளைய மகன் வீட்டில் தத்தெடுக்கப்பட்ட நவல் டாடாவின் மகன்.

எம்ப்ரஸ் மில் இப்போது இருக்கிறதா? அவர் நினைவாகப் பார்க்க என்ன உண்டு?

1986இல் ஆலை டாடாக்கள் கையை விட்டு மாநில அரசிடம் போனது. 2002இல் மூடிவிட்டார்கள். அந்த நிலத்தில் இப்போது எம்ப்ரஸ் சிட்டி என்ற வணிக வளாகம் நிற்கிறது. பக்கத்தில் ஜும்மா தலாவ் மட்டும் காந்திசாகர் என்ற பெயரோடு கிடக்கிறது. நூற்று இருபத்தைந்து ஆண்டு ஓடிய ஆலை அது. அதன் ரிங் பிரேம் ஒன்றையாவது அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நவ்சாரியில் அவர் பிறந்த வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெங்களூர் கழகத்தின் முகப்பில் சிலை இருக்கிறது. பசவனகுடி பக்கம் போனால் 'டாடா சில்க் பார்ம்' என்ற இடப்பெயர் காதில் விழும்; ஜப்பானியர்களை வரவழைத்துப் பட்டுப்புழு வளர்க்க அவர் தொடங்கிய பண்ணை அங்கே இருந்தது. இங்கிலாந்தின் சர்ரேயில், புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தின் பார்சிப் பகுதியில், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் உள்ளது. ஹீராபாய் பம்பாயில் அவருக்கு இரண்டு மாதம் முன்பு இறந்துவிட்டார்.